நங்கநல்லூர் ஃபிளாட்: 8 லட்சம் என்று தொடங்கிய கணக்கு

"தம்பி, கையில எட்டு லட்சம் இருக்கு. அதுக்குள்ள வீட்டைப் புதுசாக்கிடணும்." 2024 ஜூலையில் அந்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அவரும் மனைவியும் மட்டும்தான் வீட்டில், மகன் பெங்களூரில். எனக்கு வேலை எஸ்டிமேட் போடுவது, சைட்டைப் பார்த்துக்கொள்வது. இந்த மாதிரி எட்டுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலை 11,69,000 ரூபாயில் முடிந்தது. பட்ஜெட் தவறிப்போன கதை என்று நினைக்க வேண்டாம். இரண்டாவதாகப் போட்ட கணக்கு 11,79,000. அதற்குள்தான் நின்றது. முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை விவரமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

சென்னை நங்கநல்லூரில் 1996இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது. இவர்களுடையது இரண்டாவது மாடி. பத்திரத்தில் 940 சதுர அடி; சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்தால் நடமாடும் தரை 660தான். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, இரண்டு பாத்ரூம், ஒரு பால்கனி. தரை மொசைக். தண்ணீர் போர்வெல், உப்பு அதிகம், எந்தக் குழாயைத் தொட்டாலும் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

எட்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வேளச்சேரியில் அவர் மைத்துனர் மகன் புது ஃபிளாட் வாங்கி இன்டீரியர் செய்திருக்கிறார், ஏழரை ஆனதாம். அதோடு ஐம்பதாயிரம் சேர்த்திருக்கிறார். அப்படியே முதிரப்போகிற ஒரு வைப்புத்தொகையும் எட்டுக்கு ஒத்து வந்திருக்கிறது. ஆக ஒரு பாதி சொந்தக்காரர் செலவு, மறு பாதி பாஸ்புக். இந்த வீடு எங்கேயும் அந்தக் கணக்கில் இல்லை. வேளச்சேரி வீட்டில் குழாய் புதுசு, வயர் புதுசு, தரை புதுசு. அங்கே போன பணமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மரவேலைக்கும் பெயிண்டுக்கும் போனது. இருபத்தெட்டு வருட வீட்டில் பணம் முதலில் சுவருக்கு உள்ளே போகும்.

அதனால் பேப்பரில் எதுவும் எழுதவில்லை. "ஒரு நாள் குடுங்க சார், கொஞ்சம் உடைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். வீட்டுக்கார அம்மா முகம் மாறிவிட்டது. "வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள உடைக்கணுமா?"

உடைத்தோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன். கூலியும் பூசி மூடிய சிமெண்ட்டும் சேர்த்து 4,350 ரூபாய். பெரிய படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூமில் குழாய்க்குப் பக்கத்தில் நான்கு சுவர் டைல்ஸ், தண்ணீர் வடியும் ட்ராப் ஓரத்தில் ஒரு தரை டைல்ஸ் எடுத்தோம். உள்ளே அரை இஞ்ச் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. பிளம்பர் அதில் ஒரு துண்டை அறுத்து அம்மா கையில் கொடுத்தார். அரை இஞ்ச் ஓட்டையில் துருவும் உப்பும் படிந்து, ஒரு பென்சில் நுழைகிற அளவுதான் மிச்சம் இருந்தது. "அதான் ஷவர்ல தண்ணியே வரலையா?" என்றார் அம்மா. இரண்டு வருடமாக ஷவரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், மூன்று ஷவர்.

எலக்ட்ரீஷியன் மூன்று ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். இரண்டில் எர்த் வயரே இல்லை. சமையலறை போர்டில் வயரின் மேலுறை தொட்டால் பொடிந்து உதிர்ந்தது. மெயினில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டை. ஷாக் அடித்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கிடையாது. இந்த வயரிங்கில் கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, ஒரு ஏ.சி. மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் பாத்ரூம் சீலிங்கைப் பார்த்தோம். இந்த ஒரு பழக்கத்தை யாரும் விட்டுவிடக்கூடாது. உங்கள் பாத்ரூமின் உண்மை நிலை உங்கள் தரையில் தெரியாது, கீழ்வீட்டு மேற்கூரையில்தான் தெரியும். பெரிய பாத்ரூமுக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கம்பி வெளியே வரவில்லை. பொது பாத்ரூமுக்குக் கீழே அவர்கள் பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கேஸில் நான் செய்த தவறு அதுதான். பின்னால் வருகிறேன்.

இரண்டாவது கணக்கு

இப்போதுதான் பேப்பரை எடுத்தேன். உடைப்பு, ரப்பிஷ் (இடிபாடு) எடுப்பது 48,000. இரண்டு பாத்ரூம், குழாயிலிருந்து பிட்டிங்ஸ் வரை 3,30,000. வீடு முழுக்க வயரிங் 1,45,000. சமையலறை 2,90,000. தரை 52,000. பெயிண்ட் 85,000. மர ஜன்னல் பழுது 25,000. வேலை நடக்கும்போது வெளியே தங்க வாடகையும் சாமான் ஏற்றி இறக்கும் கூலியும் 58,000. மொத்தம் 10,33,000. வாடகை நீங்கலாக மற்றதில் 15 சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கினால் 1,46,000. ஆக 11,79,000.

இந்த எண்களை அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை ஏரியாவுக்கு ஏரியா, கடைக்குக் கடை மாறும். மாறாதது அளவு. பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது விலையில் இல்லை, அளவில்தான்.

பாத்ரூமையே எடுத்துக்கொள்வோம். 5 அடிக்கு 8 அடி. "நாப்பது சதுர அடி, டைல்ஸ் அம்பத்தெட்டு ரூபா, ரெண்டாயிரத்து முந்நூறுல முடிஞ்சிடும்" என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். தரைக்கு அது சரி. சுவர்? நான்கு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 26 அடி. ஏழடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி. கதவுக்குப் பதினேழரை கழித்தால் 164. தரையோடு சேர்த்தால் 204. வெட்டிப் போவது, உடைவது, நாளைக்கு ஒன்று விரிசல் விட்டால் மாற்ற வைத்துக்கொள்வது எல்லாம் சேர்த்து பத்து சதவீதம் போட்டால் 225. டைல்ஸ் மட்டும் 13,050 ரூபாய். அது ஒரு பாத்ரூமுக்கு. டைல்ஸ் எப்போதுமே சின்னச் செலவு. ஒட்டுகிற கூலி, அதற்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங், அதற்கும் அடியில் இருக்கும் குழாய், இவைதான் பெரிது.

ரப்பிஷ் இன்னொன்று. உடைப்பதற்குக் கூலி போடுகிறவர்கள் உடைத்ததைக் கீழே இறக்கப் போடுவதில்லை. ஹாலும் சமையலறையும் சேர்த்து 290 சதுர அடி மொசைக். அடியில் இருக்கும் சாந்தோடு சேர்த்து இரண்டரை இஞ்ச் கனம். பாத்ரூம் இரண்டிலும், குழாய் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபில் ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி. சுவர் டைல்ஸ், பூச்சு. எல்லாம் கூட்டினால் ஒன்பது டன்னுக்கு மேல் வருகிறது. முப்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் முந்நூறுக்கு மேல். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி இறக்கி, வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் நிலையங்கள் உண்டு. அங்கேதான் போக வேண்டும். "நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்கிற வண்டிக்காரர் ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போவார். எங்கே போகிறது என்று கேட்டு வையுங்கள்.

சமையலறைக் கம்பெனியின் விலைப்பட்டியலில் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: ஜி.எஸ்.டி. தனி. 2,46,000 என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். 18 சதவீதம் சேர்த்தால் 2,90,280. நாற்பத்து நாலாயிரம் ஒரு வரிக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. நான் முதலில் கேட்பது இது: "கிரானைட், சிங்க், சிம்னி, குழாய், வரி எல்லாம் சேர்த்தா, தனியா?" அடுத்தது ப்ளைவுட். சிங்க்குக்குக் கீழேயும் அடி வரிசைக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்குகிற பி.டபிள்யூ.பி. ப்ளைவுட்தான் வேண்டும் என்று எழுதி வாங்கினோம். மேல் அலமாரிக்கு அதற்கு ஒரு படி கீழான ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். போதும், அங்கே தண்ணீர் படாது. எல்லா இடத்துக்கும் உயர்ந்த தரம் கேட்பதும் பணத்தை வீணாக்குகிற ஒரு வழிதான்.

மூன்று மேஸ்திரி, மூன்று விலை

உடைப்பு, பாத்ரூம், தரை மூன்றுக்கும் மூன்று பேரிடம் விலை கேட்டோம். 2,90,000, 4,10,000, 5,20,000. வீட்டுக்காரர் முதல் ஆளைப் பிடித்துக்கொண்டார். "ஒரே வேலை சார், எதுக்கு இவ்ளோ வித்தியாசம்?" ஒரே வேலை இல்லை. முதலாமவர் வாட்டர்ப்ரூஃபிங்கைச் சேர்க்கவே இல்லை, ரப்பிஷும் பிட்டிங்ஸும் நம் தலையில். மூன்றாமவர் வீடு முழுக்கத் தரை டைல்ஸ் என்று வைத்துக்கொண்டு விலை போட்டிருந்தார்.

ஒரே பக்கத்தில் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அளவு, பொருளின் தரம், யார் வாங்கிக் கொடுப்பது என்று போட்டு மூவருக்கும் கொடுத்தேன். இப்போது வந்த விலைகள் 4,20,000, 4,30,000, 4,60,000. நடுவில் இருந்தவரை எடுத்தோம். காரணம் விலை இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "பாத்ரூம்ல தண்ணி கட்டி ரெண்டு நாள் நிறுத்தணும்னு போட்டிருக்கீங்களே, அந்த ரெண்டு நாள் என் ஆளுங்க என்ன பண்ணுவாங்க?" என்று அவர் ஒருவர்தான் கேட்டார். கசிவு சோதிக்கும் அந்த நாட்களில் ஹால் மொசைக்கை உடைக்க விடலாம் என்று முடிவானது.

எதை விட்டோம்

எட்டுக்கும் பதினொன்றே முக்காலுக்கும் நடுவில் மூன்றே முக்கால் லட்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் வந்திருந்தார். அவர் மனதில் ஜன்னலெல்லாம் யு.பி.வி.சி. பிளாஸ்டிக், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், இரண்டு வார்ட்ரோப். அவை எதுவுமே நான் போட்ட பதினொன்றே முக்காலில் இல்லை.

சுவரை மறுபடி உடைக்காமல் பின்னால் செய்ய முடிகிற எதையும் தள்ளிப் போடலாம் என்றேன். யு.பி.வி.சி. ஜன்னல் அடுத்த வருடம் வரலாம். வார்ட்ரோப் வரலாம், இப்போதைக்கு பீரோ இருக்கிறது. குழாயும் வயரும் அப்படி வராது. புது டைல்ஸை உடைத்துத்தான் வர வேண்டும். இரண்டாவது ஏ.சி. இப்போது வாங்கவில்லை, ஆனால் அதற்கான 4 சதுர மில்லிமீட்டர் வயரை இப்போதே இழுத்து மூடி வைத்தோம். அதற்கு ஆன செலவு ஒரு ஏ.சி. விலையில் சின்ன பங்குதான்.

மொசைக்கில்தான் சண்டை. அம்மாவுக்கு வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் வேண்டும். படுக்கையறை இரண்டும் 250 சதுர அடி. உடைத்து, இறக்கி, டைல்ஸ் போட 46,000 வரும். அந்த மொசைக் ஒரு விரிசல் இல்லாமல் இருந்தது. பாலிஷ் போட்டால் 10,000. ஒரு மூலையில் இரண்டடி இடத்தை மட்டும் பாலிஷ்காரரை விட்டுத் தேய்த்துக் காட்டச் சொன்னேன். அம்மா குனிந்து பார்த்தார், கையால் தடவினார். "நாங்க குடிவந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார். 36,000 மிச்சமாயிற்று. ஹாலுக்கும் சமையலறைக்கும் மட்டும் டைல்ஸ்.

மகன் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னார். மீதி ஒன்றே முக்கால் சொச்சத்துக்குக் கடன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டியில் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது இல்லை. வீட்டுக்காரர் பழைய முறையில் இருந்ததால் பில்களையெல்லாம் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொன்னேன்.

வேலை நடந்தபோது

ஆடி முடியாமல் கை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஆவணி பிறந்து, ஆகஸ்ட் 19ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்கினோம். ஆதம்பாக்கத்தில் மாதம் 16,000 வாடகைக்கு ஒரு சின்ன போர்ஷன். அக்டோபர் 31 தீபாவளி. அதற்குள் பத்து வாரத்தில் முடிப்பதாகத் திட்டம். அசோசியேஷனில் 10,000 டெபாசிட் வாங்கிக்கொண்டார்கள். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது, ஞாயிறு வேலை கூடாது. இது தெரியாமல் நாள் கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் காணாமல் போகும்.

நான்காவது வாரம் பொது பாத்ரூமை உடைத்தார்கள். மேஸ்திரி போன் பண்ணினார். "சார், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க." குரலிலேயே தெரிந்துவிட்டது. சங்கனில் இருந்த ஜல்லி சகதியாக இருந்தது. அள்ளி எடுத்தால் ஸ்லாப் ஊறிக் கறுத்திருக்கிறது. கீழ்வீட்டுக்குப் போய் இந்த முறை கூச்சப்படாமல் கேட்டேன். பி.வி.சி. பலகையை எடுத்ததும் கான்கிரீட் சில்லு இரண்டு கீழே விழுந்தது. துருப்பிடித்த கம்பி, விரல் நீளத்துக்கு வெளியே. அந்த வீட்டு அம்மா, "எங்க தலைக்கு மேல இதுவா இருந்துச்சு!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் மூடி, மேலே வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி செய்து, கீழ்வீட்டு சீலிங்கையும் சரிசெய்து பெயிண்ட் அடித்துக் கொடுத்ததில் 62,000 கூடுதல். ஜூலையிலேயே அந்தப் பலகையைக் கழற்றியிருந்தால் செலவு குறைந்திருக்காது. ஆனால் அது கணக்கில் ஒரு வரியாக இருந்திருக்கும். எதிர்பாராச் செலவுப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு ஒரே நாளில் காலியாகியிருக்காது. இப்போதெல்லாம் இரண்டு பாத்ரூமையும் பார்க்காமல் நான் எண் சொல்வதில்லை.

சமையலறையில் பழைய மர லாஃப்டைக் கழற்றியபோது சுவரோரம் கரையான் புற்று. மருந்தடிக்க 9,000. சிங்க் கழிவுக் குழாய் பொதுக் குழாயோடு சேரும் இடம் உடைந்திருந்தது, 14,000. இதுவரை 85,000. இவையெல்லாம் அந்த ஒதுக்கீட்டுக்கே உரிய செலவுகள்.

அப்புறம் அம்மா பூஜை அலமாரி கேட்டார், லாஃப்டுக்குக் கதவு கேட்டார். 38,000. "அந்தப் பணம்தான் மிச்சம் இருக்கே தம்பி." இருந்தது. எதிர்பாராததற்கு வைத்த பணம் ஆசைக்குப் போகக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல நாளில் பூஜை அலமாரி வேண்டாம் என்று ஒரு இன்ஜினியர் எத்தனை நேரம் சொல்ல முடியும்?

அக்டோபர் 15இல் மழை பிடித்தது. பட்டி போட்ட சுவர் காயவே இல்லை; விரலால் அழுத்தினால் ஈரம். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனார்கள், திரும்பி வர பத்து நாள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 12ஆம் தேதிதான் குடிவந்தார்கள். ஒன்றரை மாதக் கூடுதல் வாடகை 24,000. சென்னையில் ஆவணியில் தொடங்குகிற எந்த வேலைக்கும் கடைசிக் கட்டம் பெயிண்டிங்; அது மழையில்தான் மாட்டும். ஜனவரிக்குப் பிறகு தொடங்க முடிந்தால் அந்தக் கூடுதல் வாடகையே மிச்சம்.

கூட்டிப் பார்த்தால் கூடுதல் செலவு 1,47,000. ஒதுக்கியது 1,46,000. வயரிங்கில் 7,000, உடைப்பில் 4,000 குறைந்ததால் தப்பித்தோம். பழைய ஜி.ஐ. குழாய் உள்ள, இருபது வருடம் தாண்டிய வீட்டுக்கு 15 சதவீதத்துக்குக் கீழே நான் போட மாட்டேன். குடும்பத்தில் பூஜை அலமாரி ஆசை இருந்தால் 18. புது வீட்டுக்கு ஐந்து, ஆறு போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமானபோது அந்த வீட்டுக்காரர் போன் பண்ணினார், அவசரப்பட்டுவிட்டோமோ என்று. அவர் வீட்டுக்குப் போனது நாற்பது மூட்டை. ஒரு மூட்டை 350 என்று வைத்தாலும் மொத்தம் மிச்சமாவது 1,100 ரூபாய்க்குள். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மேஸ்திரிக்குப் பணம் கொடுத்ததைப் பற்றிக் கொஞ்சம். அட்வான்ஸாகப் பாதி கேட்டார். பத்து சதவீதம் கொடுத்தோம். பிறகு உடைப்பு முடிந்ததும், தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்திக் கசிவில்லை என்று பார்த்ததும், டைல்ஸ் முடிந்ததும் எனக் கட்டம் கட்டமாக. கடைசிப் பத்து சதவீதம், 43,000, குடிவந்து ஒரு மாதம் இரண்டு பாத்ரூமையும் புழங்கிய பிறகு. அவருக்குப் பிடிக்கவில்லை, எழுதியிருந்ததால் ஒத்துக்கொண்டார். குழாயை மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மேஸ்திரி ஊருக்குக் கிளம்ப பையோடு வந்து நின்றார். கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டு மறுபடி ஒரு பி.வி.சி. பலகையைக் கழற்றினோம். ஸ்டூல் மேல் ஏறி உள்ளங்கையை சீலிங்கில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் அங்கேயே நின்று 43,000ஐ அனுப்பினார்.